டி4 கட்டத்து முற்றுகை

சதுரங்கத்தின் ஆரம்ப நகர்த்தல்களைப் பற்றிச் சாஸ்திர கிரந்தங்களைப்போலப் பருமனான புத்தகங்கள் எத்தனையோ இருக்கின்றன. அவற்றிலிருந்து ஒரு கிளையை எடுத்துக்கொண்டு பத்துப் பன்னிரண்டு நகர்த்தல்களை நெட்டுருப் போடுவது ஞாபகசக்தி உள்ள எவருக்கும் கைவரக்கூடிய காரியந்தான். ஆனால் அந்த நகர்த்தல்கள் அத்தனையும் பலகையின் எந்த ஒரு கட்டத்தின் பொருட்டு நடக்கின்றன, அந்தக் கட்டத்தில் நிற்கிற சிப்பாய் அதன் எஜமானனுக்குப் பலமா பாரமா என்று விசாரிக்கப் பழகுவது வேறொரு வித்தை. அந்த இரண்டாவது வித்தையில் எனக்குப் பரிச்சயம் உண்டானது புனா நகரத்தில். க்ரூன்ஃபெல்ட் தற்காப்பு என்ற ஒரே ஆரம்பத்தின், அதிலும் பரிமாற்ற வகை என்று சொல்லப்படும் ஒரே கிளையின் வாயிலாக.

ராணுவக் கணக்கு இலாகாவில் உத்தியோகம் கிடைத்து 1972ஆம் வருஷம் நான் அங்கே போய்ச் சேர்ந்தேன். நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கும் ராஸ்தா பேட்டையில் ஓர் அறை. பக்கத்திலேயே ஒரு மெஸ். மகாராஷ்டிரத்தில் மழை பொய்த்துப்போன வருஷம் அது. ரேஷன் கடைகளில் சிவப்பு மைலோச் சோளம் போட்டார்கள். ஊரில் பேச்சென்றால் பஞ்சத்தைப் பற்றிய பேச்சுத்தான். அதையும் மீறி ஜூலையிலிருந்து செப்டம்பர் முதல் தேதி வரையில் ஜனங்களின் வாயில் அடிபட்ட இன்னொரு விஷயம் உண்டு. அது ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக் நகரத்தில் பாபி ஃபிஷருக்கும் போரிஸ் ஸ்பாஸ்கிக்கும் நடந்த உலக சாம்பியன் போட்டி. டெக்கான் ஜிம்கானாவின் குட்லக் ஹோட்டலில் பன் மஸ்காவைத் தேநீரில் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டே, அதுவரை சதுரங்கக் காயைத் தொட்டுப் பார்த்தறியாத கல்லூரி மாணவர்கள்கூட, ஃபிஷர் இரண்டாவது ஆட்டத்துக்கு வராமலே தோற்றது நியாயமா அகங்காரமா என்று தர்க்கம் செய்வார்கள். அந்தத் தர்க்கங்களில் ஒன்றில்தான் காகாவை நான் முதன்முதல் சந்தித்தேன்.

காகா ஓய்வுபெற்ற கணித உபாத்தியாயர். சதாசிவ பேட்டையில் அவருடைய முன்னோர்கள் கட்டிய, வாடா எனப்படும் பழைய வீடு ஒன்றின் முன்பகுதியில் குடியிருந்தார். கல் அஸ்திவாரமும் தேக்குமரத் தூண்களும் நடுவில் முற்றமுமாக இருந்த அந்த வீட்டின் ஓசரி என்னும் தாழ்வாரத்தில், சாயங்கால வேளைகளில், காய்களின் வர்ணம் தேய்ந்துபோன ஒரு பலகையை விரித்துக்கொண்டு உட்காருவார். வாலிப வயதில் ஸாங்கலியில் நடக்கும் போட்டிகளுக்குப் போய்வந்த மனிதர். நான் சென்னைப் பக்கத்தவன் என்று தெரிந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி மானுவல் ஆரோனைப் பற்றி. 1961இல் ஆரோன் இன்டர்நேஷனல் மாஸ்டர் ஆனதிலிருந்து அன்றுவரை இந்தியாவில் அந்தப் பட்டத்தைப் பெற்ற இரண்டாவது மனிதர் கிடையாது. "உங்கள் ஆரோன் ஸ்டாக்ஹோமில் போர்ட்டிஷையும் உல்மனையும் ஜெயித்த ஆட்டங்களைப் போட்டுப் பார்த்திருக்கிறாயா?" என்றார். பார்த்ததில்லை என்றேன். அதற்காக வருத்தப்பட்டவர்போல ஒரு கணம் மௌனமாக இருந்துவிட்டு, "பரவாயில்லை, உட்கார்" என்றார். அப்படி ஆரம்பித்தது அந்தச் சிநேகிதம்.

அவர் சிறு பிராயத்தில் தகப்பனாரிடம் கற்றது பழைய தேசி முறை. அந்த முறையில் சிப்பாய்க்கு முதல் நகர்த்தலிலும் ஒரே கட்டந்தான். காஸ்லிங் கிடையாது, அதற்கு ஈடாக ராஜா ஒரே ஒரு தடவை குதிரையைப்போலத் தாவிக்கொள்ளலாம். சிப்பாய்கள் ஒவ்வோர் அடியாக ஊர்ந்து வருகிற ஆட்டத்தில் நடுப் பலகையை எடுத்த எடுப்பில் கைப்பற்றுவது என்ற எண்ணத்துக்கே இடமில்லை. ஜி-வரிசைச் சிப்பாயை ஓர் அடி முன்னால் வைத்து, அதன் பின்னால் மந்திரியை நிறுத்தி, பலகையின் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலை வரை அதன் பார்வையைச் செலுத்தி, எதிராளி வரட்டும் என்று காத்திருப்பது அந்த ஆட்டக்காரர்களுக்கு இயற்கையாகவே வந்தது. ஐரோப்பிய முறைக்கு மாறிய பிறகும் காகாவின் கை அந்தப் பழக்கத்தை விடவில்லை. வெள்ளைக்காய் எடுத்த நான் புத்தகங்களில் படித்தபடி இரண்டு மூன்று சிப்பாய்களை நடுவில் நிறுத்திவிட்டுப் பெருமிதத்தோடு நிமிர்ந்து பார்த்தால், அவர் அந்தச் சிப்பாய்களை ஒரு கடன்காரனின் பத்திரத்தைப் படிக்கிறவரைப்போல நிதானமாகப் படித்துக்கொண்டிருப்பார்.

அவர் விரும்பி ஆடியது க்ரூன்ஃபெல்ட். அந்நாளைய ஆங்கிலப் புத்தகங்கள் கட்டங்களை ராஜாவின் பக்கம், ராணியின் பக்கம் என்று பிரித்து வேறு விதமாகக் குறித்தன. வாசகர்களின் சௌகரியத்துக்காக இக்காலத்து முறையிலேயே சொல்கிறேன். வெள்ளை டி4, கறுப்புக் குதிரை எஃப்6. வெள்ளை சி4, கறுப்பு ஜி6. வெள்ளைக் குதிரை சி3, கறுப்பு டி5. இந்த மூன்றாவது நகர்த்தலில் ஆரம்பம் உருவெடுக்கிறது. வெள்ளைச் சிப்பாய் டி5இல் வெட்ட, கறுப்புக் குதிரை அதை வெட்டிக்கொண்டு நடுவில் வந்து நிற்கும். வெள்ளை இ4 என்று சிப்பாயைத் தள்ளிக் குதிரையை மிரட்டினால், அது பின்வாங்காமல் சி3இல் இருக்கும் குதிரையை வெட்டித் தானும் மடியும். பி-வரிசைச் சிப்பாய் அந்த வெட்டுக்குப் பதில் கூறிக்கொண்டு சி3க்கு வந்து சேரும். ஆறு நகர்த்தல்கள் முடிந்த அந்த நிலையில் வெள்ளைக்குச் சி3, டி4, இ4 ஆகிய மூன்று கட்டங்களில் சிப்பாய்கள் கைகோத்து நிற்கின்றன; கறுப்புக்கு நடுப் பலகையில் ஒன்றுமே இல்லை. 1922இல் ஆஸ்திரியரான எர்ன்ஸ்ட் க்ரூன்ஃபெல்ட் இதைப் பெரிய போட்டிகளில் ஆடத் துணிந்தபோது, நடுப் பலகையைச் சிப்பாய்களால் பிடித்தவனே பலசாலி என்ற சித்தாந்தத்தில் ஊறியவர்களுக்கு அது விபரீதமாகத் தோன்றியிருக்க வேண்டும். ஆனால் அதே வருஷம் வியன்னாவில் அலெக்கைனையே அவர் இந்த ஆரம்பத்தால் தோற்கடித்தார்.

நானும் அந்தச் சித்தாந்தத்தில் ஊறியவனே. ஆகவே, இவ்வளவு பெரிய நடுப் பலகையை எனக்குத் தானம் செய்துவிட்டு நீங்கள் எதைச் சம்பாதித்தீர்கள் என்று காகாவைக் கேட்டேன். அவர் பலகையைப் பார்க்காமல் அண்ணாந்து ஓசரியின் கூரையைக் காட்டினார். அந்த வாடாவில் அவருக்குச் சொந்தமான பகுதி பெரியது. அதில் எத்தனையோ குடித்தனங்கள். வாடகையோ யுத்த காலத்தில் நிர்ணயித்தபடியே நின்றுவிட்டது. ஓடு மாற்றுவதற்கும் உத்தரம் மாற்றுவதற்கும் மாதாமாதம் கைப்பணம் கரைந்துகொண்டிருந்தது. "ஊரில் எல்லாரும் என்னைப் பெரிய வீட்டுக்காரன் என்கிறார்கள். அந்தப் பெரிய வீட்டை இப்போது நான் உனக்குக் கொடுத்திருக்கிறேன். இனி நீ ரிப்பேர் பார்" என்றார்.

பிறகு, கணித உபாத்தியாயர் ஆகையால், எண்ணச் சொன்னார். வெள்ளை மந்திரி சி4க்கும் குதிரை இ2க்கும் இன்னொரு மந்திரி இ3க்கும் வந்திருக்க, கறுப்பு சி5 என்று சிப்பாயைத் தள்ளிக் குதிரையைச் சி6இல் வைத்துக் காஸ்லிங் செய்துகொண்ட நிலை அது. டி4இல் நிற்கும் வெள்ளைச் சிப்பாயைத் தாக்குகிறவர்கள் யார்? சி5 சிப்பாய், சி6 குதிரை, ஜி7 மந்திரி, தன் கட்டத்தை விட்டு அசையாமலே டி-வரிசையில் பார்த்துக்கொண்டிருக்கும் ராணி. ஆக நான்கு பேர். காப்பாற்றுகிறவர்கள்? சி3 சிப்பாய், இ2 குதிரை, இ3 மந்திரி, ராணி. அவர்களும் நான்கு பேர். கணக்குச் சரியாக இருக்கிறது. ஆனால் இந்தச் சமத்துவத்தை நிலைநிறுத்துவதற்காக வெள்ளை தன் காய்களை எங்கெங்கே நிறுத்தவேண்டி வந்தது என்று பாருங்கள். குதிரைக்கு உகந்த ஸ்தானம் எஃப்3. அங்கே வைத்தால் கறுப்பு மந்திரி ஜி4க்கு வந்து அதை ராணியோடு சேர்த்துக் கட்டிப்போடும் என்று பயந்து, எஃப்3 என்று சிப்பாயைத் தள்ளி அந்த மந்திரியை விரட்ட வழி வேண்டும் என்பதற்காக, குதிரையை இ2இல் ஒடுக்கி வைத்தது அக்காலத்து வழக்கம். எழுபதுகளின் பிற்பகுதியிலிருந்துதான், யானையை முன்கூட்டியே பி1க்கு நகர்த்தி மூலைவிட்டத்தின் பார்வையிலிருந்து விலக்கிவிட்டுக் குதிரையைத் தைரியமாக எஃப்3இல் வைக்கும் மார்க்கம் செல்வாக்குப் பெற்றது.

நெருக்கடி பொறுக்காமல் வெள்ளை ஏதாவது செய்து தீர்த்துவிடலாம் என்றால், அதற்கு மூன்று வழிகள் உண்டு. மூன்றுக்கும் விலை உண்டு. டி5 என்று தள்ளினால் சி6 குதிரை நகர்ந்தாக வேண்டும், உண்மைதான். ஆனால் அந்தத் தள்ளலோடு நீண்ட மூலைவிட்டத்தின் கதவு திறந்துகொள்கிறது, சி3 சிப்பாயும் அதன் பின்னால் மூலையில் இருக்கும் யானையும் ஜி7 மந்திரியின் பார்வையில் வந்துவிடுகின்றன. இ5 என்று தள்ளினால் அந்த மந்திரியின் வாய் அடைபடும். ஆனால் டி5 கட்டத்தைக் காத்துவந்த சிப்பாய் அதைக் கைவிட்டுவிடும், கறுப்புக் குதிரை அங்கே ஆசனம் தேட வழி பிறக்கும். சி5 சிப்பாயை வெட்டிக்கொண்டால் ஒரு சிப்பாய் லாபம். ஆனால் சி-வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு அநாதைச் சிப்பாய்கள், வந்த லாபத்தைக் காக்கவே மற்றக் காய்களின் ஆயுள் கழிந்துபோகும். சிப்பாய் திரும்பி வராத காய். அது ஓர் அடி எடுத்துவைத்தால் விட்டுப்போன கட்டம் விட்டுப்போனதுதான். ஆகவே வெள்ளையின் நடுப் பலகை பலமாக இருப்பது அது எதையும் தேர்ந்தெடுக்காமல் இருக்கிற வரையில். கறுப்பின் சாமர்த்தியமெல்லாம் அதைத் தேர்ந்தெடுக்கும்படி நிர்ப்பந்திப்பதில்.

இதே நியாயம் கறுப்புக்கும் பொருந்தும் என்பதை அடுத்தடுத்த சாயங்காலங்களில் காகா காய்களை மாற்றிக்கொண்டு விளக்கினார். சி5 சிப்பாயால் டி4இல் அவசரப்பட்டு வெட்டினால் வெள்ளை சி3 சிப்பாயால் திரும்ப வெட்டும். அத்துடன் வெள்ளையின் நிரந்தரப் பலவீனமான அந்தச் சி3 சிப்பாய் மறைந்தே போய்விடும். எதிராளியின் நோயை நாமே குணப்படுத்திவிட்டதாக ஆகும். கறுப்புக்கு அதிலும் ஓர் ஆதாயம் இல்லாமல் இல்லை: ராணியின் பக்கத்தில் ஏ, பி வரிசைகளில் கறுப்புக்கு இரண்டு சிப்பாய்கள், வெள்ளைக்கு ஒன்றே ஒன்று. ராணிகள் மாறி ஆட்டம் அந்திம கட்டத்துக்குப் போனால் அந்த இரண்டில் ஒன்று ராணியாகிவிடக்கூடும். அதற்குள் வெள்ளையின் டி-வரிசைச் சிப்பாய் முந்திக்கொண்டாலோ, கதை வேறு. ஆகவே வெட்டுவதா வேண்டாமா என்பதைவிட எப்போது வெட்டுவது என்பதே அந்த வகையின் மர்மம்.

இவ்வளவும் தெரிந்துகொண்டதும், க்ரூன்ஃபெல்ட் என்பது டி4 சிப்பாயை முற்றுகையிட்டுக் கைப்பற்றும் கலை என்ற தீர்மானத்துக்கு நான் வந்துவிட்டேன். அந்தத் தீர்மானத்தைக் கலைத்தது 1970இல் மேற்கு ஜெர்மனியின் ஸீகன் நகரத்து ஒலிம்பியாடில் ஸ்பாஸ்கி வெள்ளைக்காயும் ஃபிஷர் கறுப்புக்காயும் ஆடிய ஆட்டம். ரெய்க்யவிக் போட்டி தொடங்குவதற்கு முன் ஃபிஷர் ஒரு தடவைகூட ஸ்பாஸ்கியை வென்றதில்லை. அதற்குச் சாட்சியாக எல்லாரும் எடுத்துக்காட்டிய ஆட்டங்களில் இது முக்கியமானது. அப்பா பல்வந்த் சௌக்கில் பழைய புத்தகக் குவியலிலிருந்து ஓர் ஆங்கில இதழை வாங்கிவந்து, காகா அதைப் பலகையில் போட்டார்.

நாங்கள் எண்ணிப் பழகிய அதே நிலை. ஃபிஷர் ராணியைச் சி7க்கும் யானையை டி8க்கும் கொண்டுவந்து முற்றுகையைப் பலப்படுத்துகிறார். இ4 சிப்பாயின் மேல் எஃப்5 என்று தம் சிப்பாயை ஏவுகிறார். ஸ்பாஸ்கி அஞ்சாமல் ஜி4 என்று பதில் தருகிறார். இருபத்து மூன்றாவது நகர்த்தலில் வெள்ளைக் குதிரை இ4க்கு வர, ஜி7 மந்திரி நெடுந்தூரம் பாய்ந்து டி4 சிப்பாயை வெட்டிவிட்டது. முற்றுகை ஜெயித்துவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டேன். காகா ஒன்றும் பேசாமல் நகர்த்திக்கொண்டே போனார். வெள்ளைக் குதிரை ஜி5க்குத் தாவிற்று. மந்திரிகள் எஃப்2இல் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு மறைந்தன. குதிரை இ4க்குத் திரும்பி, இருபத்தெட்டாவது நகர்த்தலில் எஃப்6இல் செக் சொல்லிக்கொண்டு அமர்ந்தது. அடுத்ததில் வெள்ளை ராணி இ6 சிப்பாயை வாரிக்கொண்டது. முப்பத்தொன்பதாவது நகர்த்தலோடு ஆட்டம் முடிந்தது, வென்றவர் ஸ்பாஸ்கி.

"எஃப்6இல் குதிரை உட்கார முடிந்தது ஏன்?" என்று காகா கேட்டார். விடை பலகையிலேயே இருந்தது. டி4 சிப்பாயைத் தாக்கிக்கொண்டிருந்த ஜி7 மந்திரிதான் கறுப்பு ராஜாவின் மெய்க்காவலனும். அது தன் இரையைப் பிடிப்பதற்காக வீட்டை விட்டுப் புறப்பட்டு, அந்த இரையோடு தானும் போய்விட்டது. எஃப்6 கட்டத்தைக் காக்க ஆளில்லை. இ6 சிப்பாயின் பக்கபலமோ எஃப்5 என்று தள்ளியபோதே கழன்றுவிட்டது. டி4 சிப்பாய் நான்கு வெள்ளைக் காய்களைக் கட்டிப்போட்டது என்றுதான் இதுவரை எண்ணியிருந்தோம். அது நான்கு கறுப்புக் காய்களையும் அதே கயிற்றால் கட்டியிருந்தது என்பதை எண்ணவில்லை. ஸ்பாஸ்கி அந்தச் சிப்பாயை விட்டுக்கொடுத்த கணத்தில் அவருடைய காய்கள் விடுதலை பெற்றன. அந்தச் சிப்பாயை அடைந்த கணத்தில் ஃபிஷரின் ராஜா தனித்துப்போனார்.

பல வருஷங்களுக்குப் பிறகு, இந்த ஆரம்பம் 1922க்கும் வெகுகாலம் முன்பே நம் தேசத்தில் ஆடப்பட்டது என்பதைப் படித்தபோது காகா உயிரோடு இல்லை. இருந்திருந்தால் தேசி ஆட்டத்தில் வளர்ந்த அவர் உள்ளம் குளிர்ந்திருப்பார். கல்கத்தாவில் வக்கீல் தொழில் நடத்திவந்த ஸ்காட்லாந்துக்காரரான ஜான் காக்ரேனும், வங்காளப் பிராமணரான மகேஷ்சந்திர பந்தோபாத்யாயரும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஏராளமான ஆட்டங்கள் ஆடியிருக்கிறார்கள். அவற்றில் 1855இல் நடந்த ஓர் ஆட்டத்தில் கறுப்புக்காய் எடுத்த மகேஷ்சந்திரர் குதிரை எஃப்6, சிப்பாய் ஜி6, சிப்பாய் டி5 என்று அதே மூன்று நகர்த்தல்களைச் செய்திருக்கிறார். காக்ரேன் இ4க்குப் போகாமல் இ3உடன் நின்றுகொண்டார். ஆயினும் சி3 குதிரையை வெட்டுவது, சி5 தள்ளுவது, குதிரையைச் சி6இலும் மந்திரியை ஜி4இலும் நிறுத்துவது என்று இன்றைய புத்தகங்கள் போதிக்கும் உபாயங்கள் யாவும் அந்த ஆட்டத்தில் வரிசையாக வருகின்றன. முடிவுதான் பரிதாபம். ராணியின் பக்கத்தில் காய்கள் அலைந்துகொண்டிருக்கையில் காக்ரேனின் குதிரை எஃப்7இல் புகுந்தது. வெள்ளை ராணி தன்னையே ஜி8இல் பலி கொடுத்தது. தன் காய்களாலேயே நெருக்குண்டு நகர இடமில்லாத கறுப்பு ராஜாவுக்குக் குதிரை மேட் சொல்லிற்று.

2010 ஏப்ரலில் ஸோஃபியா நகரத்தில் விஸ்வநாதன் ஆனந்த் தம் பட்டத்தைக் காப்பாற்றிக்கொள்ள டோபலோவுக்கு எதிரே உட்கார்ந்த முதல் ஆட்டத்தில் இதே பரிமாற்ற வகையைத் தேர்ந்தெடுத்தபோது, உத்தியோகத்திலிருந்து ஓய்வுபெற்றுப் புனாவிலேயே தங்கிவிட்டிருந்த நான், கம்ப்யூட்டர் திரையில் காய்கள் நகர்வதைப் பார்த்துக்கொண்டு எங்கள் பழைய கணக்கை மனத்துக்குள் போட்டேன். ஆனந்த் இ5 என்று தாக்கினார். டோபலோவ் தம் மந்திரியை எச்6க்கு அனுப்பி ஜி7 மந்திரியை மாற்றிக்கொண்டார். டி4 சிப்பாய் கறுப்பின் கைக்கு வந்தது. வெள்ளை அதைத் திரும்பப் பெறப் பிரயத்தனம் செய்யவே இல்லை. எஃப்-வரிசைச் சிப்பாய் எஃப்5 வரை முன்னேறியது. குதிரை எச்5இல் வந்து நின்றது. ஆனந்தின் ராஜா எஃப்7இல் கால் வைத்ததும், இருபத்து நான்காவது நகர்த்தலில், குதிரை எஃப்6இல் தன்னைப் பலியிட்டு உள்ளே நுழைந்தது. ஆனந்துக்குத் தோல்வி. ஸீகனுக்கு நாற்பது வருஷங்களுக்குப் பின், வேறு நகர்த்தல்களின் வழியாக, அதே டி4 விழுந்து, அதே ஜி7 மந்திரி மறைந்து, அதே எஃப்6 திறந்தது.

அதனால் க்ரூன்ஃபெல்ட் கெட்ட ஆரம்பம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பதின்மூன்று வயது ஃபிஷர் 1956இல் நியூயார்க்கில் டொனால்ட் பர்னை வென்று நூற்றாண்டின் ஆட்டம் என்று புகழ்பெற்றது இதே ஆரம்பத்தில்தான்.  ஆனந்தும் அதே ஸோஃபியாப் போட்டியின் பத்தாவது ஆட்டத்தில் இதை மறுபடி துணிந்து ஆடி டிரா செய்துகொண்டார். கடைசி ஆட்டத்தில் வென்று பட்டத்தையும் காத்துக்கொண்டார். 

இப்போது புனாவில் சதுரங்கத்துக்குக் குறைவில்லை. 2000இல் இந்த ஊர் அபிஜித் குந்தே கிராண்ட்மாஸ்டர் ஆனார். 2014இல் உலக ஜூனியர் சாம்பியன் போட்டி இங்கேயே நடந்தது. எங்கள் குடியிருப்பில் பன்னிரண்டு வயதுப் பையன்கள் இந்த வகையில் இருபது நகர்த்தல்களைக் கம்ப்யூட்டரின் துணையால் மூச்சு விடாமல் ஒப்பிக்கிறார்கள். அவர்களிடம் நான் இரண்டு காரியங்கள் செய்யச் சொல்கிறேன். முதலில் டி4 சிப்பாயைத் தாக்குகிறவர்களையும் காக்கிறவர்களையும் எண்ண வேண்டும். அது காகா கற்பித்தது. பிறகு அந்த டி4 சிப்பாயையும் ஜி7 மந்திரியையும் பலகையிலிருந்து எடுத்துக் கீழே வைத்துவிட்டு, மிஞ்சியிருக்கும் நிலையில் கறுப்பு ராஜாவைச் சுற்றி எந்தக் கட்டங்கள் காவலற்றுக் கிடக்கின்றன என்று பார்க்க வேண்டும். அது ஸீகன் ஆட்டம் கற்பித்தது. அப்படிப் பார்த்து அச்சமில்லை என்று தெரிந்தால் சிப்பாயை வெட்டலாம். அச்சம் தட்டினால் முற்றுகையை நீட்டித்துக்கொண்டு காத்திருக்கலாம். டி4 சிப்பாய் எங்கேயும் போய்விடாது, அதற்குப் பின்வாங்கத் தெரியாது.